“எத்தனை ஆண்டுகளாக ரத்த அழுத்தம்?” என்று கேட்டபோது நான் சொன்ன பதில்

கேள்வி
எழுதியவர்: லேத்பட்டறை_கணபதி
14 செப்டம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். கடந்த பிப்ரவரி 17ஆம் தேதி விடியற்காலையில் என் கணவர் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 52. கோவை கணபதியில் இரண்டு லேத் இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஜாப் ஆர்டர் எடுத்து நடத்தி வந்தார். ஏழு மாதங்களாக மனத்திலேயே வைத்திருந்ததை இப்போதுதான் எழுதத் துணிந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுவதும் படித்துவிட்டுப் பதில் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2019 அக்டோபரில் அவர், நான், மகள் மூவருக்குமாகச் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு மருத்துவக் காப்பீட்டு பாலிசி எடுத்தோம். முகவர் வீட்டுக்கே வந்து, மேசையில் உட்கார்ந்து படிவத்தை அவரே நிரப்பினார். “நோய் ஏதும் உண்டா?” என்று கேட்டார், “ஒன்றும் இல்லை” என்றோம். அன்றைக்கு அது உண்மைதான். 2022 அக்டோபரில் தொகையை 10 லட்சமாக உயர்த்தினோம். ஒரு ஆண்டு கூட பிரீமியத்தைத் தவறவிட்டதில்லை. கொரோனா காலத்தில் பட்டறை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தபோதும், “இது மட்டும் நின்றுவிடக் கூடாது” என்று கடன் வாங்கிக் கட்டினார்.

பிப்ரவரி 3, திங்கட்கிழமை இரவு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். அவரைப் படுக்க வைத்துச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பணி மருத்துவர் என்னிடம் வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, எத்தனை ஆண்டுகளாக, என்ன மாத்திரை? என் கண் அவர் முகத்தில் இருந்தது. “அஞ்சாறு வருஷமா இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டேன். கணக்குப் பார்த்துச் சொன்ன பதில் அல்ல அது, வாயில் வந்தது. கேஸ் ஷீட்டில் நீல மையில் “ரத்த அழுத்தம் - 6 ஆண்டுகள்” என்று எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் ஆஞ்சியோ செய்து பார்த்ததில் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு இருப்பதாகவும் பைபாஸ் செய்தாக வேண்டும் என்றும் சொன்னார்கள். மதிப்பீடு 4,60,000 ரூபாய். காப்பீடு இருக்கிறதே என்று நாங்கள் தைரியமாகத்தான் இருந்தோம். புதன்கிழமை காப்பீட்டுத் தரப்பிலிருந்து ஒரு விளக்கம் கேட்டு வந்தது என்றார்கள். வியாழக்கிழமை மாலை காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைத்ததால் கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) அனுமதி மறுக்கப்படுகிறது என்று இருந்தது. முதல் முறை படித்தபோது யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

அறுவைக்கு முன்பணமாக 3,00,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அதுவரைக்குமான பில் 1,38,000 ரூபாய். அதைக் கட்டுவதற்கே கையிருப்பு தீர்ந்துவிட்டது. மருந்தைத் தொடரச் சொல்லி, பணம் புரட்டிக்கொண்டு வந்து சேர்ந்துகொள்ளலாம் என்ற பேச்சில் 8ஆம் தேதி வீட்டுக்கு அழைத்து வந்தோம். தம்பி கொஞ்சம் தந்தான். வர வேண்டிய ஜாப் ஆர்டர் பாக்கிகளைக் கேட்டு நானே கம்பெனி கம்பெனியாகப் போன் செய்தேன். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம். நகைக் கடன் கொடுக்கும் இடத்தில் என் வளையல்களை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்து, “சங்கிலியைக் கொடுக்காதே, வளையலோடு நிறுத்து, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். 19ஆம் தேதி புதன்கிழமை சேர்வதாக நாள் குறித்தாயிற்று. 17ஆம் தேதி விடியற்காலையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம், எங்கள் மூவரின் பாலிசியையும் ரத்து செய்வதாகக் கடிதம் வந்தது. அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியவள் இன்றுதான் வெளியே எடுத்தேன்.

எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதற்கு மேல் சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா என்பது ஒன்று. இன்னொன்றைச் சட்டம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. அன்று இரவு நான் “தெரியவில்லை” என்று சொல்லியிருந்தால் அவர் இன்று இருந்திருப்பாரா?


பதில் 1
எழுதியவர்: பல்லடம்_வாசகன்

அம்மா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. என் ஆழ்ந்த இரங்கல். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியில் எதையும் மறைத்ததாகக் கேள்வி கேட்க முடியாது என்று படித்திருக்கிறேன். உங்கள் பாலிசி ஐந்து ஆண்டுகளைக் கடந்தது. ஒரு வழக்கறிஞரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.


பதில் 2
எழுதியவர்: கிளெய்ம்_மேசை_முன்னாள்

வணக்கம் அம்மா. காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் ஒரு டிபிஏ நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன் நான். உங்களுக்கு வந்ததைப் போன்ற மறுப்புகளை அனுப்பிய மேசைகளில் என்னுடையதும் ஒன்று. அதனால் இதை ஆறுதலாக மட்டும் எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒரு திருத்தம். மேலே நண்பர் சொன்ன 45ஆவது பிரிவு ஆயுள் காப்பீட்டுக்கு உரியது. அதை வைத்துக் கடிதம் எழுதினால், “இது பொருந்தாது” என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிடுவார்கள். உங்களுக்குப் பொருந்துவது வேறு, அதுவும் வலுவானது. மருத்துவக் காப்பீட்டில் மாரட்டோரியம் காலம் என்று ஒன்று உண்டு. முன்பு அது எட்டு ஆண்டுகளாக இருந்தது, காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஏப்ரல் முதல் அதை ஐந்து ஆண்டுகளாக, அதாவது 60 மாதங்களாகக் குறைத்துவிட்டது. இடைவெளி இல்லாமல் 60 மாதங்கள் பிரீமியம் கட்டியிருந்தால், அதற்குப் பிறகு நோயை மறைத்தார், தவறான தகவல் கொடுத்தார் என்று சொல்லி எந்தக் கிளெய்மையும் மறுக்க முடியாது. மோசடி என்று நிறுவினால் மட்டுமே மறுக்கலாம். நீங்கள் 2019 அக்டோபரில் எடுத்திருக்கிறீர்கள், 2024 அக்டோபரில் புதுப்பித்திருக்கிறீர்கள், அவருக்கு நெஞ்சு வலி வந்தது 2025 பிப்ரவரியில். 60 மாதங்கள் முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. 2022இல் கூட்டிய 5 லட்சத்துக்கு மட்டும் அந்த 60 மாதங்கள் 2022 முதல்தான் தொடங்கும். ஆனால் பைபாஸ் மதிப்பீடே 4,60,000 ரூபாய்தான் என்பதால் முதலில் எடுத்த 5 லட்சத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. இதைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி, ஆறு ஆண்டுகளின் பாலிசி நகல்களையும் பின்னால் இணையுங்கள். கையில் இல்லாத ஆண்டுக்கு வங்கிக் கணக்கில் பிரீமியம் கழிந்த பக்கம் போதும்.

இரண்டாவது விஷயம் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை, அந்த நேரத்தில் மருத்துவமனையிலும் யாரும் சொல்வதில்லை. கேஷ்லெஸ் மறுப்பு என்பது கிளெய்ம் மறுப்பு ஆகாது. பணத்தை நாம் கட்டிவிட்டு, பில்களை வைத்துத் திரும்பக் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. நீங்கள் கட்டிய 1,38,000 ரூபாய்க்கு இன்னும் கிளெய்ம் படிவமே கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். படிவத்தின் ஏ பகுதியை நீங்களும் பி பகுதியை மருத்துவமனையும் நிரப்ப வேண்டும். கெடு தாண்டிவிட்டது என்பார்கள். நியாயமான கிளெய்மைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று 2011லேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கணவர் இறந்ததுதான் தாமதத்துக்குக் காரணம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். விண்ணப்பத்தைப் பார்க்கும் மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. அவருடைய திரையில் அடுத்தடுத்து விண்ணப்பங்கள் காத்திருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை என்ற சொற்களுக்குப் பக்கத்தில் ஆண்டுக் கணக்கு இருக்கிறதா என்றுதான் கண் முதலில் தேடும். அந்த எண் பாலிசி ஆரம்பித்த தேதிக்கு முன்னால் போய் விழுந்தால், “முதன்முதலில் எப்போது கண்டறியப்பட்டது? அந்தச் சீட்டை அனுப்பவும்” என்று மருத்துவமனைக்கு ஒரு கேள்வி போகும். புதன்கிழமை வந்ததாகச் சொன்னார்களே, அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மருத்துவமனை என்ன பதில் அனுப்பியது, யார் கையெழுத்திட்டார்கள், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது இப்போது மிக முக்கியம். அந்தக் கேள்வி, பதில் இரண்டின் நகலையும் முழு கேஸ் ஷீட்டையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளை நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதத்து முதன்மைச் சுற்றறிக்கையின்படி கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்களுக்கு வியாழக்கிழமை மாலை வரை இழுத்திருக்கிறார்கள். ஒரு கிளெய்மை நிராகரிக்க வேண்டுமென்றால் மூன்று பேர் கொண்ட கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றும், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. அந்தக் குழுவின் முடிவையும் கேளுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பாலிசியை ரத்து செய்ததையும் அதிலேயே எதிர்த்து எழுதிவிடுங்கள், மகளுக்கும் உங்களுக்கும் இன்று காப்பீடே இல்லாத நிலையை அந்தக் கடிதம்தான் உண்டாக்கியிருக்கிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ மறுபடி மறுத்தாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரியிடம் போகலாம். தமிழ்நாடு முழுவதும் அந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்க அனுமதியும் கிடையாது. வாரிசு என்ற முறையில் நீங்களே மனுக் கொடுக்கலாம், தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதால் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டாம்.

ஆம்பட்ஸ்மேன் தரக்கூடியது நேரடியாக ஏற்பட்ட இழப்பை மட்டும்தான். மன உளைச்சலுக்கும் சேவைக் குறைபாட்டுக்கும் இழப்பீடு கேட்பதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு, நீங்கள் வசிக்கும் கோவையிலேயே வழக்குத் தொடுக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் போடாதீர்கள். அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்பட்ஸ்மேன் உங்கள் மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்.

எதிர்த்தரப்பு என்ன பேசும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் சத்வந்த் கவுர் சந்து என்ற பெண்மணியின் வழக்கில், கணவருக்கு முன்பே இருந்த சர்க்கரை நோயையும் சிறுநீரகப் பாதிப்பையும் சொல்லாமல் பாலிசி எடுத்ததால் கிளெய்மை மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எடுத்து வைப்பார்கள். அந்த வழக்கில் நோய் இருந்தது பற்றி மருத்துவமனையின் தெளிவான ஆவணம் இருந்தது. உங்கள் வழக்கில் இருப்பது அவசரப் பிரிவில் கேட்டு எழுதிய ஒற்றை வரி. மறைத்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. அந்த ஒற்றை வரியை உடைக்க ஒரு பழைய சீட்டு கிடைத்தால் போதும். முதன்முதலில் ரத்த அழுத்த மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர் யார்? 2019க்கு முன்போ அதையொட்டியோ எங்காவது ரத்த அழுத்தம் பார்த்து எழுதிய தாள் இருக்கிறதா? நிதானமாகத் தேடுங்கள்.


பதில் 3
எழுதியவர்: இதயப்பிரிவுச்_செவிலி

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இதய நோய்ப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நீங்கள் நின்ற இடத்தில் நின்ற மனைவிமார்களிடம் அதே கேள்வியை எத்தனையோ முறை நானே கேட்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வியை நாங்கள் கேட்பது அவர் உயிரைக் காப்பாற்றுவதற்காக. ரத்த அழுத்தம் நெடுநாளாக இருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும், சிறுநீரகம் எப்படி இருக்கக்கூடும், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எத்தனையோ முடிவுகள் அந்த ஒரு பதிலை ஒட்டி இருக்கின்றன. அதற்கு “சுமார் எத்தனை ஆண்டு” என்பதே போதும். அஞ்சாறு என்று நீங்கள் சொன்னால் எழுதுகிறவர் 5 என்றோ 6 என்றோ எழுதுவார். அவர் கை எந்த எண்ணை எழுதியது என்பதுதான் வித்தியாசம், அக்கா. அது மருத்துவக் குறிப்பு. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் அல்ல. நீங்கள் அன்று “தெரியவில்லை” என்று சொல்லியிருந்தால், மருந்து கொடுக்கிறவர்கள் இருட்டில் கைவிட்டுத் தேடியிருப்பார்கள். நீங்கள் சொன்னது சரி. உடம்பைக் காப்பாற்றச் சொன்ன பதிலை வேறொருவர் எடுத்து வேறொன்றுக்குப் பயன்படுத்தினார்.

அறுவை அன்றே நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டால், அதை அவருடைய ஆஞ்சியோவைப் பார்த்த மருத்துவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. மாரடைப்பு வந்த பிறகு நிலை சீராக இருந்தால் பைபாஸைச் சில நாட்கள் தள்ளிச் செய்வதும் உண்டு. ஆனால் அந்த நாட்களில் நோயாளி எங்கள் கண்காணிப்பில் இருப்பார். வீட்டில் இருக்கும்போது இதயத் துடிப்பு தடம் மாறினால் பக்கத்தில் யாரும் இல்லை. உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

ஒரு முக்கியமான விஷயம். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எந்த வார்த்தை இருக்கிறது என்று இன்றே பாருங்கள். “கேட்டுக்கொண்டதன் பேரில்” என்று இருக்கிறதா, “மருத்துவ ஆலோசனைக்கு எதிராக” என்று இருக்கிறதா? இரண்டாவதாக இருந்தால், குடும்பமே அழைத்துச் சென்றுவிட்டது என்று நிறுவனம் வாதிடும். அதற்குப் பதிலாக, முன்பணம் கேட்ட சீட்டு, மதிப்பீட்டுத் தாள், மறுப்புச் செய்தி வந்த தேதியும் நேரமும், அதற்குப் பின் 8ஆம் தேதி வெளியே வந்தது என எல்லாவற்றையும் ஒரே வரிசையில் காட்டுங்கள். 19ஆம் தேதிக்கு மறுபடி சேர்வதாகப் பேசிய போன் அழைப்பு உங்கள் கைபேசியில் இருந்தால் படம் பிடித்து வையுங்கள். சிகிச்சையை நீங்கள் கைவிடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பமாக இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸ் இருக்கிறது. அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். பணம் புரட்ட வீட்டுக்குப் போவதற்கு முன் அங்கே போய்விடுங்கள்.


எழுதியவர்: லேத்பட்டறை_கணபதி

தங்கை, நீங்கள் எழுதியதை மகளை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் “கேட்டுக்கொண்டதன் பேரில்” என்றுதான் இருக்கிறது. 11ஆம் தேதியும் 15ஆம் தேதியும் மருத்துவமனைக்குப் பேசிய அழைப்புகள் அவர் கைபேசியில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைபேசியை நான் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். அரசு மருத்துவமனை பற்றி நீங்கள் எழுதிய இடத்தில் மகள் படிப்பதை நிறுத்திவிட்டாள். எங்களுக்கு அன்று அது தோன்றவே இல்லை. காப்பீடு இருக்கிறது என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டோம்.

ஐயா சொன்ன பழைய சீட்டுகளைத் தேடப் போகிறேன். மாத்திரையை முதலில் எழுதிக் கொடுத்தவர் எங்கள் தெருமுனை மருத்துவர். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.


பதில் 4
எழுதியவர்: மதுரை_ஓய்வாசிரியர்

அம்மா, நான் மனைவியை இழந்தவன். அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய். கீமோவுக்குப் பிறகு மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புரத மருந்து ஊசி போட வேண்டும் என்று மருத்துவர் எழுதினார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் லட்சத்துக்கு மேல். அது சோதனை நிலையில் உள்ள சிகிச்சை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. ஆனால் பாலிசிகள் விலக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் பட்டியலிட்ட 12 நவீன சிகிச்சைகளில் அந்த வகை ஊசியும் இருக்கிறது. உச்சவரம்பு வைக்கலாமே தவிர அடியோடு தர மாட்டேன் என்று சொல்லக் கூடாது. இதை நான் தெரிந்துகொண்டபோது அவள் இரண்டு ஊசிகளோடு நிறுத்தியிருந்தாள். மகனிடம் மூன்றாவதற்குப் பணம் கேட்கப் போகிறேன் என்று நான் சொன்னதும், “எனக்கு இப்போது பரவாயில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்” என்றாள்.

அவள் போன பிறகு நான் ஆம்பட்ஸ்மேனிடம் மனுக் கொடுத்தேன். விசாரணை காணொளி வழியாக நடந்தது. மொத்தமே அரை மணி நேரம். நிறுவனத்தின் சார்பில் ஒருவர் கோப்போடு அமர்ந்திருந்தார். எனக்குப் பேச்சு தடுமாறியது. நாற்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவன், என் மனைவியின் பெயரைச் சொல்லும்போது நின்றுவிட்டேன். அதிகாரி காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. அப்போது எனக்குக் கைகொடுத்தது அவளுடைய சின்ன டைரி. காப்பீட்டு நிறுவனத்தோடு பேசிய ஒவ்வொரு அழைப்பையும் அவள் தேதி, நேரம், பேசியவர் சொன்னது என்று குறித்து வைத்திருந்தாள். “ஒப்புதல் கிடைத்துவிடும், மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் சொன்னதைக் கூட, பெருக்கிக் கணக்குப் போட்ட பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாள். அதை வாசித்தேன். எதிர்த்தரப்பில் இருந்தவர் மறுக்கவில்லை.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. போட்ட இரண்டு ஊசிகளுக்கான பணம், பாலிசியின் வரம்புக்கு உட்பட்டு வந்து சேர்ந்தது. ஆம்பட்ஸ்மேன் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. நமக்குத் திருப்தி இல்லையென்றால் நாம் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நான் போகவில்லை. போடாமல் விட்ட ஊசிகளுக்கு எந்த ஆணையத்தில் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா. வந்த பணத்தை வங்கியிலேயே விட்டிருக்கிறேன். ஊசி மருந்தைப் பனிக்கட்டியோடு எடுத்துவர வாங்கிய தெர்மோகோல் பெட்டி இன்னும் பரண் மேல் இருக்கிறது. மகன் தூக்கிப் போடச் சொல்கிறான்.

நீங்கள் மனு எழுதும்போது கோபத்தையும் துக்கத்தையும் கடைசிப் பத்தியில் வையுங்கள். முதல் பக்கம் முழுக்கத் தேதிகளாக இருக்கட்டும். படிப்பவர் முதல் பக்கத்திலேயே மாரட்டோரியம் முடிந்துவிட்டது என்பதைப் பார்த்துவிட வேண்டும். எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள். நான் பிழை திருத்தித் தருகிறேன்.


பதில் 5
எழுதியவர்: பல்லடம்_வாசகன்

பிரிவு 45 பற்றி நான் எழுதியது தவறு என்று புரிந்துகொண்டேன். ஐயா அவர்களுக்கு நன்றி. அம்மா, வாரிசுச் சான்றிதழுக்கோ நகல் எடுக்கவோ கூட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோவையில்தான் இருப்பேன்.


எழுதியவர்: லேத்பட்டறை_கணபதி
28 செப்டம்பர் 2025

எல்லோருக்கும் நன்றி. தெருமுனை மருத்துவர் தன் பழைய நோட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். 2021 ஆகஸ்டில்தான் அவருக்கு ரத்த அழுத்தம் 160க்கு 100 என்று எழுதி, முதல் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார். அதைச் சான்றாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இன்னொன்று நேற்றுக் கிடைத்தது. பட்டறையில் வேலை செய்யும் பையன் பழைய பில் கோப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். அவர் வழக்கமாகக் கட்டிங் டூல் வாங்கும் பில்களோடு சேர்த்துக் குத்தி வைத்திருந்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். 2019 மார்ச்சில் எங்கள் பகுதித் தொழிற்கூடங்களுக்காக நடந்த மருத்துவ முகாமின் சீட்டு. எடை 71, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் 126க்கு 80. கீழே மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. பாலிசி எடுப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முந்தைய தேதி. சீட்டின் மூலையில் அவருடைய விரலின் எண்ணெய்க் கறை பதிந்திருக்கிறது.

குறைதீர்ப்பு அலுவலருக்கான கடிதத்தை மகள் தட்டச்சு செய்துவிட்டாள். முதல் பக்கம் முழுக்கத் தேதிகள்தான், ஆசிரியர் ஐயா சொன்னபடி. கடைசிப் பத்தியை நான் இன்னும் எழுதவில்லை, அது இல்லாமலேயே நாளைக் காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறோம். முகாம் சீட்டை மூன்று நகல் எடுத்துக்கொண்டு, அசலை அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.